ஒன்றேகால் ஏக்கர் வெள்ளைக்கல்

வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்தே ஜோசப்பினுக்கு அந்த வெள்ளைக்கல்லோடு சண்டைதான். செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற வழியில், குன்றின் அடிவாரத்தில் அவள் புருஷனுக்கு ஒன்றேகால் ஏக்கர் மானாவாரி இருந்தது. அதை நிலம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். நாலு சால் ஓட்டினால் ஏர்க்கொழு மழுங்கிவிடும். அவ்வளவு வெங்கச்சாங்கல். பால் நிறத்தில் இருக்கும், உடைந்தால் விளிம்பு கையைக் கிழிக்கும். பொறுக்க ஆளில்லாமல் இரண்டு தலைமுறை அதை அப்படியே விட்டிருந்தது. ஜோசப்பின் பொறுக்கினாள். கூடை கூடையாகப் பொறுக்கி வரப்பில் கொட்டினாள். பதினான்கு வருஷம் குனிந்த இடுப்பு நிமிரவில்லை. வரப்பு அவள் இடுப்பு உயரத்துக்கு வந்தபோது நிலத்தில் வேர்க்கடலை வந்தது. அந்த வருஷமே புருஷன் காமாலையில் போய்விட்டான். பிள்ளை குட்டி கிடையாது. மிச்சமிருந்தது நிலம் மட்டும்தான்.

புருஷனின் தம்பி யாகப்பன் ஏர் ஓட்டிக் கொடுப்பான். விதைப்பது, களை எடுப்பது, பிடுங்குவது எல்லாம் அவள். விளைந்த கடலையைச் செஞ்சியில் ரத்னம் நயினாரின் மண்டிக்குப் போடுவாள். சமணக் குடும்பம், கடலை உடைக்கிற மெஷின் வைத்திருந்தார்கள். ரத்னம் நயினாரிடம் எடை ஏமாற்றம் கிடையாது. மற்ற மண்டிகளில் தராசைத் தட்டுகிற மாதிரி அவர் தட்ட மாட்டார். நடக்கும்போதுகூடத் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நடப்பார், காலடியில் ஏதும் நசுங்கிவிடக் கூடாதென்று. தண்ணீரை இரட்டைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். பொழுது சாய்ந்தால் சாப்பாடு இல்லை. ஊரில் இதைக் கேலி செய்கிறவர்கள் இருந்தார்கள். ஜோசப்பின் கேலி செய்ததில்லை. விதவைப் பெண்ணை 'வாம்மா' என்று கூப்பிட்டு உட்காரச் சொன்ன ஒரே வியாபாரி அவர். அவர் சொன்னால் அவளுக்கு அது கோயில் சொன்ன மாதிரி. அங்கேதான் அவள் கெட்டாள்.

அறுபத்தேழாம் வருஷம் தையில் அறுவடை முடிந்த சமயம். கடலை மூட்டை ஒன்றில் வெள்ளைக்கல் துண்டு கலந்து போய்விட்டது. வேறு வியாபாரியாக இருந்தால் கல்லைப் போட்டு எடை ஏற்றினாய் என்று நாறடித்திருப்பான். ரத்னம் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கும் உறவுக்காரர் சொன்னது ஞாபகம் வந்து, அந்தத் துண்டைத் தபாலில் அனுப்பிவைத்தார். ஒரு மாதம் கழித்து ஜீப்பில் ஒருவர் வந்து இறங்கினார். அரிகிருஷ்ணன் என்று பெயர். சின்ன வயசு, கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கியது.

அவர் வரப்பை விட்டுவிட்டு நேரே நிலத்தின் நடுவுக்குப் போனார். அங்கே வெள்ளைப் பாறை கொஞ்சம் தலை காட்டிக்கொண்டிருந்தது. ஏர் தட்டுகிற இடம் என்று அதைச் சுற்றி உழுவார்கள். அதில் ஒரு சில்லு பெயர்த்துக் கண்ணாடியில் பார்த்தவர் எழுந்திருக்க நெடுநேரம் ஆயிற்று.

"இந்த மாதிரி சுத்தமான கல்லு இதுவரைக்கும் நான் பாத்ததில்ல" என்றார். "இது யாரு நெலம்?"

ஜோசப்பின் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். "எங்களுதுதான் சார். இந்தக் கல்ல வச்சு இன்னா பண்ணப் போறீங்க?"

அரிகிருஷ்ணன் சலிக்காமல் சொன்னார். ரேடியோவுக்குள்ளே முன்பெல்லாம் பல்பு மாதிரி வால்வு இருக்கும். இப்போது அதற்குப் பதில் மிளகு அளவில் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. வெளிதேசத்தில் அதையும் தாண்டி, விரல் நகம் அளவு சில்லில் அந்த மாதிரி பத்து இருபதை ஒன்றாகச் செய்கிறார்கள். கணக்குப் போடுகிற பெரிய மெஷினுக்கெல்லாம் அதுதான் மூளை. அந்தச் சில்லு சிலிக்கன் என்கிற பொருளில் செய்வது. சிலிக்கனை உருக்கி, பாகிலிருந்து கம்பி இழுக்கிற மாதிரி மெதுவாகத் தண்டாக இழுத்து, அப்பளம் போல வட்ட வட்டமாக அறுத்து, அதன்மேல் வெளிச்சத்தாலும் திராவகத்தாலும் கோடு போடுவார்கள். உருக்குவதற்கு ஒரு கிண்ணம் வேண்டும். அந்தக் கிண்ணம் இந்தக் கல்லை உருக்கித்தான் செய்ய வேண்டும்.

"கிண்ணத்துல அழுக்கு இருந்தா சிலிக்கனுக்கும் ஏறிடும்மா. அழுக்குன்னா நம்ம கண்ணுக்குத் தெரியற அழுக்கு இல்ல. ஒரு ஏரித் தண்ணியில ஒரு கைப்பிடி உப்பப் போட்டா எவ்ளோ இருக்கும்? அவ்ளோகூட இருக்கக் கூடாது. உப்பு, சாம்பலு, இரும்பு, மூணும் ஆகாது."

ஜோசப்பினுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமாயிருந்தது. பதினான்கு வருஷம் எதைத் திட்டிக்கொண்டே பொறுக்கினாளோ, அதைத் தேடி ஒரு படித்த மனிதர் பெங்களூரிலிருந்து வந்து மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் தலைக்கனமும் வந்தது, அதை மறைப்பானேன்.

ஏற்பாடு எளிதானது. ரத்னம் ஆள் வைத்துத் தோண்டி, கல்லைச் சுத்தம் பண்ணி அனுப்புவார். கல் தேறினால் பெங்களூர்க்காரர்கள் வருஷா வருஷம் வாங்குவார்கள். கல் பொறுக்கித் தரம் பிரிக்கிற வேலை ஜோசப்பினுக்கு நிரந்தரம். தோண்டின குழியை மண் போட்டு மூடி, நிலத்தைப் பழையபடி அவளிடம் கொடுப்பது ரத்னத்தின் பொறுப்பு. எழுத்து எதுவும் இல்லை. நயினார் வாயால் சொன்னார், அவள் தலையாட்டினாள்.

யாகப்பன் குதித்தான். "அண்ணி, உனக்குப் புத்தி பிசகிப் போச்சா? நெலத்தக் கிழிச்சுட்டா அது மறுபடி நெலமா வராது. அண்ணன் இருந்தா உடுவானா?"

"உங்க அண்ணன் இருந்தப்பயும் கல்ல நாந்தான் பொறுக்கினேன்" என்றாள் ஜோசப்பின். "இது என் நெலம். நான் பாத்துக்கறேன்."

அந்தப் பேச்சை அவள் பிறகு எத்தனையோ தரம் நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்கு வாய் நிறைய வந்துவிட்டது.

கடப்பாரை இறங்கியது. முளைத்து நின்ற பாறைக்குக் கீழே கல் இரண்டு ஆள் ஆழத்துக்குப் போனது, பால் உறைந்த மாதிரி. அதை எடுக்க நாலு பக்கமும் மண்ணைச் சரிக்க வேண்டியிருந்தது. அவள் வியர்வை ஊறின மேல்மண் குவியலாக ஒதுங்கியது. அதன் தலைமேலேயே அடிமண்ணும் சரளையும் வந்து விழுந்தன. நிலத்து மூலையில் ஒரு கரையான் புற்று இருந்தது. ரத்னம் அதைத் தொட விடவில்லை. புற்றுக்காகக் குழியை வளைத்துத் தோண்டச் சொன்னார். தோண்டுகிற ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஜோசப்பின் சிரிக்கவில்லை. நல்ல மனுஷன், அதனால் நமக்கும் நல்லது செய்வார் என்று நினைத்தாள்.

கல்லை உடைப்பதற்கு அரிகிருஷ்ணன் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். சம்மட்டி படக் கூடாது, பட்ட இடத்தில் இரும்பு ஒட்டும். கல்லைச் சூளையில் செக்கச் சிவக்கச் சுட்டு, அப்படியே சுத்தமான தண்ணீரில் தள்ளினால் தானாக வெடித்துத் துண்டாகும். "காஞ்ச சவுக்குக் கட்டையா போட்டு எரிங்க. கல்லு மேலடுக்குல இருக்கணும், நெருப்பு கீழ இருக்கணும். சாம்பலு கல்லுல படவே கூடாது" என்று ரத்னத்தையும் ஜோசப்பினையும் நிற்கவைத்து இரண்டு தரம் சொன்னார். ரத்னம் தண்ணீர்த் தொட்டிக்கு இரட்டைத் துணி கட்டி வடிகட்டுவதைப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம். "உங்க பழக்கம் எங்க வேலைக்குன்னே அமைஞ்சது நயினார்" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.

சூளை கடலை மெஷினுக்குப் பின்னால் இருந்த காலிமனையில் போட்டார்கள். ஒரு வண்டி சவுக்குக் கட்டை வந்து இறங்கியது. கட்டை என்றால் சும்மாவா வரும்? பட்டைக்குள்ளே எறும்பு, துளைக்குள்ளே வண்டு. ரத்னம் ஒவ்வொரு கட்டையாக எடுத்துத் தரையில் தட்டினார். தட்டி, விரிசலில் ஊதி, நிழலில் சாய்த்துவைத்து எறும்பு இறங்கும்வரை காத்திருந்தார். அரை நாளில் பத்துக் கட்டைதான் தேறியது. அந்தப் பத்தையும் வைத்துப் பற்றவைத்தார்கள். நெருப்பு பிடித்ததும் ஒரு கட்டையின் நடுவிலிருந்து எறும்புச் சாரை வெளியே வந்தது. வாயில் வெள்ளை முட்டையைக் கவ்விக்கொண்டு நுனிக்கு ஓடி, போக இடமில்லாமல் நெருப்பில் உதிர்ந்தது.

ரத்னம் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் ஜோசப்பின் வந்தபோது கட்டையைக் காணோம். அந்த இடத்தில் கடலைத்தோல் மூட்டைகள் அடுக்கியிருந்தன.

"இன்னா நயினாரே இது? கட்டையிலதான எரிக்கச் சொன்னாரு அந்த சாரு?"

"கட்டையில பாவம் இருக்குதும்மா. நேத்து பாத்தியே. இது மெஷின்லருந்து நேரா வந்த தோலு. இதுல ஒரு உயிரும் இருக்காது. நெருப்பு நெருப்புதான?"

நெருப்பு நெருப்பு இல்லை. கடலைத்தோலை அடுப்பில் போட்டு எரித்த எந்தப் பொம்பளைக்கும் அது தெரியும். சவுக்குச் சாம்பல் அடியில் அடங்கிக் கிடக்கும். தோல் சாம்பலுக்கு அடக்கம் கிடையாது, பறக்கும், பக்கத்துச் சட்டியில் போய் உட்காரும். ஜோசப்பினுக்கு அது தெரிந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. முதல் நாள் பட்டினி கிடந்த மனிதரிடம், உன் எறும்பு பெரிசா என் நிலம் பெரிசா என்று எப்படிக் கேட்பது? அவ்வளவு பெரிய மனிதருக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது? வாயை மூடிக்கொண்டாள்.

ஒன்பது நாள் சூளை எரிந்தது. குழியிலிருந்து வந்த கல் அத்தனையும் சிவந்தது, தண்ணீரில் விழுந்து வெடித்தது. சாம்பல் மனை முழுக்கப் பறந்து பெண்களின் தலையில் படிந்தது. கல்லிலும் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு தெரிந்தது. ஜோசப்பின் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினாள். கழுவின கல் பளபளவென்று இருந்தது. ஈரத்தில் எந்தக் கல்லும் வெள்ளையாகத்தான் தெரியும், காய்ந்த பிறகு பார்க்க வேண்டும் என்று பதினான்கு வருஷம் கல் பொறுக்கியவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் அவள் ஈரத்திலேயே பார்த்து, ஈரத்திலேயே மூட்டை கட்டினாள். பார்க்கப் பயமாயிருந்தது. அதுதான் உண்மை.

கல்லை ஏற்றிக்கொண்டு லாரி போன அன்று ரத்னம் எல்லோருக்கும் வெல்லம் கொடுத்தார்.

ஆறு வாரம் கழித்து அரிகிருஷ்ணன் வந்தார். கையில் ஒரு மூட்டைக் கல் இருந்தது. காலிமனையில் கிடந்த சாம்பல் குவியலைக் காலால் கிளறிப் பார்த்தார். கடலைத்தோல் கரிந்த துணுக்கு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரத்னத்தைப் பார்த்தார். ஜோசப்பினைக் கூப்பிட்டு ஒரு கல்லை விரிசலோடு பிளந்து காட்டினார். பிளந்த முகத்தில் மயிரிழை அளவுக்குச் சாம்பல் கோடு ஓடியது.

"தண்ணியில வெடிக்கறப்ப கல்லு மூச்சு இழுக்குதும்மா. மேல ஒட்டியிருந்த சாம்பல உள்ள இழுத்துக்குச்சு. இதை இனிமே எந்தத் திராவகத்துலயும் கழுவ முடியாது. உப்புச் சத்து ஏறிப் போச்சு. கிண்ணம் வார்த்தா உருகறப்பவே கெட்டுடும்."

"கல்லுல குத்தமா சார்?"

"உங்க கல்லுல ஒரு குத்தமும் இல்ல. நான் பாத்ததுலயே ஒசந்த கல்லு இது."

அந்த வார்த்தைதான் அவளை வெட்டிப் போட்டது. கல் சொத்தை என்று சொல்லியிருந்தால் விதி என்று அழுதுவிட்டு எழுந்திருப்பாள்.

"மிச்சத்த எடுத்து கட்டையில சுட்டுத் தரோம் சார். நானே சுடறேன். ஒரு சான்ஸ் குடுங்க."

மிச்சம் இருந்தால்தானே? அரிகிருஷ்ணன் குழியில் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறி வந்தார். நல்ல கல் அவ்வளவுதான், வரப்பில் கிடந்த கல்லில் எப்போதோ செம்மண் கறை ஏறிவிட்டது. வெள்ளை முடிந்து கீழே செம்பழுப்புக் கறை படிந்த கல் ஆரம்பித்துவிட்டது, இரும்பு ஏறின கல். வேறு ஜில்லாவில் கல் பார்த்திருக்கிறோம், அங்கே எடுத்துக்கொள்வோம் என்று சொன்னார். போகும்போது ஜோசப்பினைப் பார்த்துக் கைகூப்பினார். ஜீப் கிளப்பின புழுதி அடங்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

ரத்னம் சொன்ன சொல் தவறவில்லை. இரண்டு வண்டி வைத்துக் குழியை மூடினார். மேல்மண் அடியில் போயிற்று, சரளையும் செம்மண்ணும் மேலே வந்தன. ஐப்பசி மழையில் நடுவில் அமுங்கிக் குட்டையாகிவிட்டது. தண்ணீர் வற்றினால் கட்டாந்தரை. விதைத்த கடலை முளைத்து, இரண்டு இலை விட்டு, மஞ்சளாகிச் செத்தது. அடுத்த வருஷமும் விதைத்தாள். அதே கதைதான். மூலையில் கரையான் புற்று மட்டும் ஓர் ஆள் உயரம் வளர்ந்து நின்றது. அந்தப் புற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். ஒருநாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனாள். ஓங்கினவள் இறக்காமலே திரும்பி வந்தாள். கரையான் என்ன பண்ணிற்று பாவம்.

நிலத்துக்காரி கூலிக்காரி ஆனாள். கடலை பிடுங்கும் பருவத்தில் ரத்னத்தின் பம்புசெட் நிலத்திலேயே வரிசையில் குனிந்தாள். "நாந்தான் அன்னிக்கே சொன்னேனே அண்ணி" என்று யாகப்பன் பார்க்கிற நேரமெல்லாம் சொன்னான். ரத்னம் எதிரில் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அவரும் தரையைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவார். அவர் எப்போதுமே அப்படித்தான் நடக்கிறவர், ஆகையால் அவர் வெட்கப்படுகிறாரா இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அறுபத்தெட்டு ஆவணிக் கடைசியில், சமணர்கள் பத்து நாள் விரதம் முடித்த மறுநாள் காலையில் ரத்னம் அவள் வீட்டுக்கு வந்தார். விரதம் முடிந்ததும் எல்லா உயிரிடமும் மன்னிப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். தெருவில் யாகப்பன் வீட்டிலிருந்து தொடங்கி, சூளையில் வேலை செய்த ஒவ்வொரு வீடாகக் கைகூப்பிக்கொண்டே வந்தார். இவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"தெரிஞ்சும் தெரியாமயும் நான் பண்ண பிழையெல்லாம் நீ பொறுத்துக்கணும்மா."

ஜோசப்பின் முறத்தைக் கீழே வைத்தாள். "இதத்தான் எல்லார் வூட்டுலயும் சொல்லினு வரீங்களா நயினாரே?"

"ஆமாம்மா. எல்லா உயிருக்கும் சொல்றதுதான்."

"எறும்புக்குமா?"

"ஆமாம்மா" என்றார்.

"எறும்புக்கு நீங்க இன்னா குத்தம் பண்ணீங்க? அதத்தான் காப்பாத்திட்டீங்களே. அதுக்குச் சொல்ற அதே வார்த்தையா எனக்கும்?" அவள் படியிறங்கி அவர் எதிரில் வந்து நின்றாள். "நானும் வாயத் தொறந்து சொல்லல. அந்தக் குத்தம் என்னுது, அத நான் செமக்கறேன். உங்க குத்தத்துக்கு எனக்கு வார்த்தை வேணாம். பம்புசெட்டாண்ட ஒன்னேகால் ஏக்கர் வேணாம், ஒரே ஒரு கால் ஏக்கர் குடுங்க. நான் கல்லு பொறுக்கின கைக்கு அது போதும். பொறுத்துக்கறேன்."

ரத்னம் கூப்பின கையைப் பிரிக்கவில்லை. வெயில் அவர் வழுக்கைத் தலைமேல் அடித்தது. "அது பொதுச் சொத்தும்மா" என்றார் கடைசியில். "தம்பிங்கள கேக்கணும்."

"கேட்டுனு வாங்க. இங்கதான் இருப்பேன்."

அவர் போனார். மெதுவாக, பார்த்துப் பார்த்து அடி வைத்துப் போனார். தம்பிகளைக் கேட்டாரோ கேட்கவில்லையோ, கார்த்திகை போயிற்று, தை போயிற்று, சேதி வரவில்லை. அவள் அவர் நிலத்தில் இன்னொரு பருவம் கடலை பிடுங்கினாள்.

அடுத்த வருஷம் அந்த நாள் வந்தது. ஜோசப்பின் கூலிக்குப் போகவில்லை. கோபம் ஆறிவிட்டது என்று இல்லை. ஆனாலும் ஒரு வருஷம் சும்மாவா போயிருக்கும், ஏதாவது ஒரு பதிலோடு வருவார் என்று அவளுக்குத் தோன்றியது. இல்லை என்று சொல்லவாவது வருவார். அதையும் கேட்டுக்கொள்ளத் தயாராக, முகம் கழுவிக்கொண்டு வாசலில் நின்றாள்.

ரத்னம் தெருவுக்கு வந்தார். யாகப்பன் வீட்டில் கைகூப்பினார். அடுத்த வீட்டில் கைகூப்பினார். இவள் வாசலுக்கு நேராக வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு, தரையைப் பார்த்தபடியே கடந்து போய், அடுத்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். உலகத்தில் இருக்கிற எல்லா உயிரிடமும் அவர் மன்னிப்புக் கேட்டு முடித்தார், ஜோசப்பின் ஒருத்தியைத் தவிர.